கோட்டிங் போய்விட்டதா, புதைந்து கிடக்கிறதா? ஒரு வெள்ளை செடானின் நிகழ்வு ஆய்வு

"கோட்டிங் போயிடுச்சு தம்பி. எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு புதுசாப் போட்டுடுங்க."

சாவியோடு சேர்த்து முடிவையும் கையில் கொடுத்துவிட்டார் காரின் சொந்தக்காரர். வெள்ளை செடான், ரூஃப் மட்டும் பளபள கறுப்பு. வாங்கிய மாதமே பெயின்டைக் காக்கும் செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறார். அதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் வருடம் மழையில் தண்ணீர் உருண்டு ஓடியதாம். இப்போது ஈரத்துணி போர்த்தியதுபோல் அப்படியே ஒட்டி நிற்கிறது. எவ்வளவு கழுவினாலும் வெள்ளை மங்கலாகவே இருக்கிறது, கதவைத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது என்றார்.

அவர் சொன்ன வழி செய்பவருக்குச் சுலபமானது. பாலிஷிங் மெஷினை ஓட்டினால் பழைய கோட்டிங் இருந்தாலும் போய்விடும். அதன்மேல் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதில் நிறத்தின்மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டும் கொஞ்சம் சேர்ந்து போகும். கார் பெயின்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கோட்டிங்கோ ஓரிரு மைக்ரான். தேய்த்து எடுத்த கிளியர் கோட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் மெஷினைத் தொடுவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: கோட்டிங் நிஜமாகவே போய்விட்டதா, அழுக்குக்கு அடியில் கிடக்கிறதா?

முதல் நாள் காலை: தண்ணீர் சொன்னது

புழுதியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவிவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் ஒவ்வொரு பாகத்திலும் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். பானெட்டில் தட்டையாகப் பரவியது. கதவுகளின் கீழ்ப்பாதியிலும் அதே கதை. டிக்கியில் இன்னும் மோசம். ஆனால் பின்கதவுக் கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் குழியில், இரண்டு விரல் அகலத்துக்கு, தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பக்கக் கண்ணாடிக் கூட்டின் அடியிலும் அப்படியே. ரோட்டுத் தூசி நேராகப் படாத, யாரும் துணி போட்டுத் தேய்க்காத இடங்கள் இவை.

வெயிலில் காய்ந்து தேய்ந்த கோட்டிங் என்றால் ரூஃபும் பானெட்டும் முதலில் போக வேண்டும், கதவின் கீழ்ப்பாதி கடைசியில் போக வேண்டும். இங்கே கதவின் கீழ்ப்பாதியும் டிக்கியும் ரூஃபுக்குச் சமமாகக் கெட்டிருந்தன. சக்கரம் வாரி இறைப்பது கதவின் கீழ்ப்பாதியில்தான். ஓடும் காரின் பின்னால் சுழலும் காற்று புழுதியைக் கொண்டுவந்து அப்புவது டிக்கியில்தான். எனக்கு வெயிலைவிட அழுக்கின் மேல்தான் சந்தேகம் போனது.

அப்புறம் விசாரணை. கார் பகலெல்லாம் எங்கே நிற்கிறது? வேலை செய்யும் இடத்தில், ரயில் பாதையை ஒட்டிய திறந்தவெளியில். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? உப்புத் தண்ணீர். கழுவியபின் துடைப்பீர்களா? "வெயில்லயே காஞ்சுடும்." என்ன ஷாம்பு? மெழுகு கலந்தது, பளபளப்பு வரும் என்று யாரோ சொன்னார்களாம். கார் கோளாறில் பாதியை அதைத் துடைக்கும் பழக்கத்தைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் அனுபவம். இவருடைய நான்கு பதில்களில் மூன்று விதமான படிவு எனக்குத் தெரிந்தது.

தண்ணீர் ஏன் உருள்கிறது, ஏன் நிற்கிறது

தாமரை இலைத் தண்ணீர் என்று பட்டும் படாமலும் இருப்பதற்குச் சொல்வோம். அந்த இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருப்பதால் துளி ஏறக்குறைய உருண்டையாக நிற்கிறது, உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. செராமிக் கோட்டிங்கை விற்பவர்கள் தாமரை இலைப் படத்தைப் போடுவது வழக்கம், ஆனால் கோட்டிங் அந்த அளவுக்கு வராது. அது வழவழப்பான பரப்பு. துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம் தாமரை இலையில் 150 பாகையைத் தாண்டும். நல்ல கோட்டிங்கில் 100, 110 பாகை அளவில் இருக்கும். 90-க்குக் கீழே இறங்கினால் துளி பரந்து படுத்துவிடும்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். தண்ணீர் தான் தொடுகிற மேல்பரப்பை மட்டுமே அறியும். கோட்டிங்கின் மேல் மிக மெல்லிய உப்புப் படலமோ எண்ணெய்ப் புகையோ படிந்தாலும் தண்ணீர் அதைத்தான் தொடுகிறது. அடியில் கோட்டிங் முழுசாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் தண்ணீர் உருளவில்லை என்பதை வைத்து மட்டும் கோட்டிங் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

தடிமன் பார்க்கும் மீட்டரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் முடியாது. மீட்டரின் பிழையே இரண்டு மூன்று மைக்ரான் வரும். கோட்டிங் அதைவிட மெல்லியது. நான் அளந்தது வேறு காரணத்துக்காக. கதவுகளில் 118 முதல் 126 வரை காட்டியது. கம்பெனி பெயின்ட், யாரும் பட்டி வைத்து மறுபெயின்ட் அடிக்கவில்லை, கடைசியில் பாலிஷ் போட நேர்ந்தாலும் இடம் இருக்கிறது. அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும்.

கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஈரமான கதவைத் தடவினேன். வெறும் விரலுக்குத் தப்பும் துகள்கூட பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். மணல்தாளை மேலாகத் தடவியதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் வெள்ளைப் பெயின்டில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் ஆரஞ்சுப் புள்ளிகள். பிரேக் டிஸ்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறந்துவந்த இரும்புத்தூள் அது. சூடாக வந்து ஒட்டி, ஈரத்தில் துருப்பிடித்து, துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் இன்னும் இறுகி உட்காரும். எந்த ஷாம்புவுக்கும் அசையாது.

நான்கு பட்டை

எல்லா மருந்தையும் ஒரே மூச்சில் அடித்துவிட்டால் கார் சரியாகும்தான், ஆனால் எது அடைத்திருந்தது என்று தெரியாமலே போகும். தெரிந்தால்தானே அடுத்த தடவை வராமல் பார்க்க முடியும். இடது பின்கதவின் கீழ்ப்பாதியில் மாஸ்கிங் டேப்பால் மேலிருந்து கீழாக நான்கு பட்டை பிரித்தேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். நெட்டுக்குப் பிரித்ததற்குக் காரணம், வழியும் மருந்து பக்கத்துப் பட்டைக்குப் போகாது.

முதல் பட்டைக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு காரத்தன்மையுள்ள ஷாம்பு. மூன்றாவதற்கு அதோடு, இரும்புத்தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர். நான்காவதற்கு அந்த இரண்டோடு, உப்புக்கறை எடுக்கும் அமில ரிமூவர். ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறையத் தண்ணீர் விட்டு அலசல், ஏனென்றால் இந்த மருந்துகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கடைசியில் டேப்பை உரித்துவிட்டு நான்கின் மேலும் ஒரே உயரத்திலிருந்து ஸ்பிரேயரை ஓட்டினேன்.

படிக்கட்டு மாதிரி தெரிந்தது. முதல் பட்டையில் தண்ணீர் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் நின்றது. இரண்டாவதில் அந்தத் தாள் கிழிந்து, தேச வரைபடம்போல் கோணல்மாணலான திட்டுகளாகி, சோம்பேறித்தனமாக இறங்கியது. மூன்றாவதில் துளிகள் உருண்டையாகிவிட்டன, ஆனால் ஓடவில்லை, தொற்றிக்கொண்டு நின்றன. நான்காவதில் துளி விழுந்ததும் பக்கத்துத் துளியோடு சேர்ந்து சரசரவென்று கீழே ஓடியது. உரித்த டேப்பின் விளிம்பில் ஒரு சொட்டு தயங்கி நின்று, பிறகு நான்காவது பட்டைக்குள் சரிந்து காணாமல் போனது.

சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ இது இத்தனை நாளும் உள்ளேயே இருந்துச்சா?" என்றார். கதவைப் பொறுத்தவரை ஆமாம் என்றேன். ரூஃபைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை.

முழுக் காரும்

காரை நிழலில் நிறுத்தி, சக்கரமும் பானெட்டும் ஆறும்வரை காத்திருந்தேன். சூடான பரப்பில் எந்த மருந்தும் காய்ந்து கறை பிடிக்கும். முதலில் கார ஷாம்பு நுரை, ஐந்து நிமிடம் ஊறல், பிரஷர் வாஷரில் அலசல். மெழுகு ஷாம்பு விட்டுவைத்த படலமும் அதில் ஒட்டியிருந்த ரோட்டுப் புகையும் இதில்தான் போயின. அந்த மெழுகுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கெட்ட பொருள் இல்லை, ஆனால் கோட்டிங் போட்ட காருக்கு அது வேண்டாத விருந்தாளி. கோட்டிங்கின் குணத்தை மறைத்துத் தன் குணத்தைக் காட்டும், சில வாரத்தில் அதுவும் தளர்ந்து தூசியைப் பிடித்து வைக்கும். பிறகு இரண்டு பக்கெட் முறையில் கைக்கழுவல், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலச நல்ல தண்ணீர்.

அடுத்தது அயர்ன் ரிமூவர். இதில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடியைச் சுருட்டும் பெர்ம் லோஷனில் இருப்பதும் இதே குடும்பம்தான்; அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறியவர் மறக்க மாட்டார். கையுறையும் முகமூடியும் இல்லாமல் நான் தொடுவதில்லை. இது துருவைக் கரைத்து இரும்போடு சேர்ந்து ஊதாநிறச் சேர்மமாகிறது. அடித்த ஒரு நிமிடத்தில் வெள்ளைக் கதவில் ஊசிமுனை ஊசிமுனையாக ஊதா தோன்றியது, இரண்டாவது நிமிடத்தில் ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்து வழிய ஆரம்பித்தது. டிக்கியின் கீழ் விளிம்பில் கத்தரிப்பூ நிறத்தில் ஓடை. நான்கு நிமிடம் விட்டு, காயத் தொடங்கும் முன் அலசினேன். கதவுகளின் கீழ்ப்பாதிக்கும் டிக்கிக்கும் இரண்டாவது முறை தேவைப்பட்டது. இந்த ஊதாவைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம். அது இரும்பு இருந்ததைத்தான் காட்டுகிறது, இரும்பு தீர்ந்ததைக் காட்டுவதில்லை. பிளாஸ்டிக் பைத் தடவல்தான் தீர்ப்பு.

தார் புள்ளிகள் சக்கரங்களுக்குப் பின்னால் மட்டும். கரைப்பானைத் துணியில் நனைத்து ஒற்றி, முக்கால் நிமிடம் ஊறவிட்டால் பழுப்பாக இளகிவிடும், தேய்க்க வேண்டியதில்லை. தார் போன இடத்தில் அதற்கடியில் ஒளிந்திருந்த இரும்பு வெளியே வந்ததால் அங்கே மட்டும் மறுபடி அயர்ன் ரிமூவர்.

வெள்ளைப் பகுதிகளில் அமில ரிமூவர் சண்டையே போடவில்லை. உப்புத் தண்ணீர் காய்ந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்து, கரியமில வாயுவை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு பாகம், ஒரு நிமிடம், அலசல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டிங் நன்றாக வேலை செய்வதால்தான் தண்ணீர் உருண்டையாக நிற்கிறது. உருண்டையாக நின்று வெயிலில் காய்வதால்தான் உப்பு எல்லாம் ஒரே வட்டத்தில் குவிந்து கறையாகிறது. துடைக்காமல் விட்டால், பரந்து நிற்கும் தண்ணீரைவிட உருண்டு நிற்கும் தண்ணீர்தான் ஆழமான கறை வைக்கும்.

ரூஃபும் என் தவறும்

கறுப்பு ரூஃபில் கதை வேறு. அமிலத்துக்குப் பிறகு வெண்வட்டங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. பின்பாதியில் ஒரு கூட்டம் மட்டும் அசையவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சில வட்டங்கள் மேடாக இருந்தன, சில பள்ளமாக. பள்ளம் என்றால் உப்பு எப்போதோ பரப்பை அரித்துவிட்டது. எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, இருந்ததுதான் போயிருக்கிறது. மேடாக இருந்து அமிலத்துக்கும் மசியாதவை பெரும்பாலும் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். சிலிக்காவைக் கரைக்க ஃபுளோரைடு கலந்த அமிலம் வேண்டும். அப்படிப்பட்ட கறைநீக்கிகள் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்வதில்லை, மற்றவர்களையும் தொட வேண்டாம் என்றே சொல்வேன். அது கார்க் கண்ணாடியை அரிக்கும், தோல் வழியாக உள்ளே போய் உடம்பின் கால்சியத்தோடு விளையாடும். ஒரு கறைக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

சறுக்கியது முன்பாதியில். அங்கே தண்ணீர் நன்றாக உருண்டது, கோட்டிங் உயிரோடு இருந்தது. முன் விளிம்பில் மட்டும் கையகல இடத்தில் சொரசொரப்பு மிச்சம். ஒட்டிய துகளைத் தேய்த்து எடுக்கும் க்ளே பார் எடுத்தேன். களிமண் என்று பெயர்தானே தவிர அது சிராய்ப்புப் பொருள். ஜப்பானில் உருவாகி 1990களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றபோது பத்திரத்தில் அதற்கு இருந்த பெயரின் பொருள், வளைந்துகொடுக்கும் அரைகல். அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவன் நான். மென்மையான க்ளேயில் நான்கைந்து தடவை போட்டும் போகவில்லை. மாலையாகிவிட்டது. பொறுமை இல்லாமல் நடுத்தர க்ளேயை எடுத்து, வழுக்குத் திரவம் நிறைய அடித்து, மூன்று தடவை ஓட்டினேன். சொரசொரப்பு போனது. துடைத்துவிட்டு விளக்கைக் காட்டினேன். கறுப்பின் மேல் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல், உள்ளே நூல் நூலாகக் கோடுகள்.

வெள்ளையாக இருந்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்காது. கறுப்பில் மறைக்க வழியில்லை. அந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது, இன்னொரு சுற்று அயர்ன் ரிமூவர் ஊறவிட்டு மறுநாள் காலை மென்மையான க்ளேயோடு திரும்புவது. அவ்வளவுதான்.

அன்றிரவே சொந்தக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பின்பாதியில் அரிப்புப் பள்ளம், முன்பாதியில் என் கைவேலை. ரூஃபை முழுதாக லேசான பாலிஷ் போட்டு மறுகோட்டிங் செய்துவிடுவதுதான் நல்லது, முன்பாதிக்கான வேலை என் பொறுப்பு என்றேன். நடுவில் கோடு கிழித்துப் பாதி ரூஃபுக்கு மட்டும் போட்டால் இணைப்பு ஒருநாள் தெரியும். "மத்த இடமெல்லாம் தப்பிச்சதா?" என்று கேட்டார். தப்பியது என்றேன். "அப்போ சரி, பண்ணுங்க."

இரண்டாம் நாள்

ரூஃபில் மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ். மங்கல் முதல் சுற்றிலேயே போனது. பள்ளங்களில் ஆழமான மூன்று நான்கை முழுதாக எடுக்க முயலவில்லை. ஒரு வட்டத்துக்காகக் கிளியர் கோட்டை இன்னும் குடைவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாய்த்துப் பார்த்தால் நிழல்போல் தெரியும். அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டேன்.

பிறகு முழுக் காரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தேன், பாலிஷ் எண்ணெயும் வழுக்குத் திரவமும் மிஞ்சாமல். ரூஃபுக்குப் புதுக் கோட்டிங். மற்ற இடங்களில் எதுவும் போடவில்லை, வேண்டுமென்றேதான். இந்தக் கட்டத்தில் சிலிக்கா ஸ்பிரே ஒன்றை அடித்திருந்தால் கார் முழுக்கத் தண்ணீர் உருண்டிருக்கும், உருள்வது பழைய கோட்டிங்காலா ஸ்பிரேயாலா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் பரப்பைக் காட்டித்தான் நான் ஒப்படைக்க விரும்புகிறேன். அதனால் மறுநாள், ரூஃபில் மட்டும் தண்ணீர் படாமல், மீண்டும் ஸ்பிரேயர் சோதனை.

கதவுகள் நான்கும் முழுதாகத் திரும்பின. டிக்கியும் பக்கவாட்டு ஃபெண்டர்களும் அப்படியே. பானெட்டில் முன் விளிம்பிலிருந்து நான்கு விரல் தூரத்துக்கு மட்டும் துளிகள் மந்தம். கல்லும் பூச்சியும் மோதி மோதி, அங்கே கோட்டிங் நிஜமாகவே தேய்ந்திருக்கிறது. ஆக, அவர் சொன்ன "போயிடுச்சு" அந்த நான்கு விரலுக்கும் ரூஃபின் பின்பாதிக்கும் பொருந்தியது. மற்ற இடங்களில் கோட்டிங் புதைந்துதான் கிடந்தது. சோதனை முடிந்த பிறகுதான் ரூஃப் தவிர மற்ற இடங்களில் பாதுகாப்புக்காகச் சிலிக்கா ஸ்பிரே அடித்தேன். ரூஃபை ஒரு வாரம் ஷாம்பு தொடக் கூடாது, முதல் நாள் தண்ணீரே கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

எழுதிக் கொடுத்த குறிப்பு சிறியது. மெழுகு கலக்காத நடுநிலை ஷாம்பு. கழுவியதும் நிழலில் மைக்ரோஃபைபரால் துடைப்பது. மாதம் ஒருமுறை கார நுரை. ரயில் பாதை பக்கத்திலேயே நிறுத்துவதால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அயர்ன் ரிமூவர், பைத் தடவலில் துகள் தெரிந்தால் மட்டும். க்ளே பக்கமே போக வேண்டாம்.

ஆறு வாரம் கழித்துப் போன் வந்தது. டிக்கியில் மறுபடி தண்ணீர் படுத்துவிட்டதாம், குரலில் கொஞ்சம் பயம். கார நுரை போட்டீர்களா என்று கேட்டேன். மறந்துவிட்டாராம். அரை மணி நேரம் கழித்து ஒரு வீடியோ அனுப்பினார். நுரையை அலசிய டிக்கியின் மேல் ஹோஸ் தண்ணீர் விழுந்து, உடைந்து, துளித்துளியாக ஓடிக்கொண்டிருந்தது. கேமரா மெதுவாக மேலே ரூஃபுக்குப் போய், நான் விட்டுவைத்த அந்த நிழல் வட்டங்களில் ஒன்றின் மேல் நின்றது. அதன்மேலும் ஒரு துளி உருண்டையாக இருந்தது.